துவைக்காத ஸ்வெட்டர்

வந்திருக்குமா, வந்திருக்காதா. கண் விழித்ததும் தெய்வானைக்கு முதலில் தோன்றியது இதுதான். முருகா என்று சொல்லக்கூட வாய் வரவில்லை. ஜன்னல் கண்ணாடி வெளுத்திருந்தது. மணி ஆறு இருக்கலாம், ஆறரை இருக்கலாம், கோத்தகிரியில் தை மாதப் பனிமூட்டத்தை வைத்து நேரம் சொல்ல யாராலும் முடியாது. எழுந்து பத்தடி நடந்து சமையலறையின் பின்கதவைத் திறந்தால் தெரிந்துவிடும். கதவுக்கு அந்தப் பக்கம் மூன்று படி, படிக்குக் கீழே தோட்டம். எட்டு சென்ட் நிலம், அதில் நாலு பாத்தி உருளைக்கிழங்கு, இரண்டு பாத்தி கேரட், ஒரு பாத்தி பீட்ரூட், பந்தலில் மேரக்காய், ஓரமாகப் பட்டர் பீன்ஸ். தோட்டத்தின் கடைசியில், தேயிலைக் காட்டைப் பார்த்த பக்கம், நேற்று சாயங்காலம் அவள் ஒரு மூங்கில் குச்சியில் மாட்டிவிட்டு வந்த ஸ்வெட்டர். மெரூன் நிறம், முழுக்கை, இடது முழங்கையில் ஒரு ஒட்டு. அவள் புருஷன் பொன்னுரங்கத்தினுடையது. ஆள் போய் மூன்றரை வருஷமாகிறது, ஸ்வெட்டர் அதற்குப் பிறகு தண்ணீரைப் பார்க்கவில்லை. காட்டுப்பன்றிக்கு மனுச வாடை ஆகாது, அதிலும் ஆம்பளை வேர்வை என்றால் கிட்டவே வராது என்று கேட்டுத்தான் மாட்டினாள். ஆகவே பன்றி வரவில்லை என்றால் அவருடைய வாசம் இன்னும் அந்த நூலுக்குள் இருக்கிறது. வந்து கிழங்கைத் தோண்டித் தின்றுவிட்டுப் போயிருந்தால் இல்லை. மற்றவர்கள் என்றால் துணியை முகத்தில் வைத்து ஒரு மூச்சு இழுத்தால் தீர்ந்தது. தெய்வானைக்கு மூக்கு இருக்கிறது, மூக்குத்தி இருக்கிறது, வாசம் மட்டும் கிடையாது. அதனால் பன்றியிடம் கேட்டிருக்கிறாள். பன்றி பதில் சொல்லிவிட்டுப் போயிருக்கும், கதவைத் திறந்தால் போதும், அவளோ கம்பளிக்குள் கால்விரல்களை மடக்குவதும் நீட்டுவதுமாகக் கிடந்தாள்.

ஒரு வழியாக எழுந்தாள். எழுந்தாலும் பின்கதவுப் பக்கம் திரும்பவில்லை, கதவு அங்கே இருப்பதே தெரியாத மாதிரி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பாலை வைத்தாள். பால் வைத்துவிட்டு நகரக்கூடாது, அது அவளே அவளுக்குப் போட்ட சட்டம். பொங்கினால் மற்றவர்களுக்குத் தீய்ந்த வாசம் வரும், அவளுக்குக் கண்ணால் பார்த்தால்தான் உண்டு. கேஸ் திருகை மூன்று தடவை தொட்டுப் பார்ப்பாள், படுக்கப் போகும்முன் நாலாவது தடவை. போன மாதம் பருப்பு அடி பிடித்து அறை முழுக்கப் புகை வந்த பிறகுதான் தெரிந்தது, அதற்குள் பக்கத்து வீட்டு சகாயராணி வெளியிலிருந்து கதவைத் தட்டிவிட்டாள். அந்தக் கொரோனாக் காய்ச்சலில் எல்லோருக்கும்தான் மூக்கு போனது, எல்லோருக்கும் திரும்பியும் வந்தது. மகள் பிருந்தாவுக்குப் பத்து நாளில் வந்துவிட்டது, கோயம்புத்தூரில் இருந்து போன் பண்ணி அம்மா காபி வாசம் தெரியுதும்மா என்று அழுதாள். பெண்ணுக்கு வந்தது, ஊருக்கு வந்தது, இவளுக்கு மட்டும் போனது போனதுதான். இ.என்.டி. டாக்டர் கிராம்பு, எலுமிச்சை, யூகலிப்டஸ் தைலம் மூன்றையும் காலையும் மாலையும் மோந்து பழகச் சொன்னார். ஆறு மாதம் மோந்தாள். வெறும் காற்று. தைலம் கண்ணை எரித்தது, அவ்வளவுதான். தலையில் பூ வைப்பதை நிறுத்தியவள் ஊரார் நினைத்த காரணத்துக்காக நிறுத்தவில்லை. வைத்தால் பாரம் மட்டும் தெரிந்தது, எரிச்சலாக இருந்தது. பால் விளிம்பைத் தொட்டு எழும்பியது, அணைத்தாள், திருகைத் தொட்டாள். என்ன சத்தம் அது? வெளியே உர்ர் என்று ஒன்று. பன்றி இன்னும் உள்ளேயே இருக்கிறதா? டம்ளரைக் கையில் பிடித்தபடி நின்று கேட்டாள். மேல்வீட்டுக்காரர் தொண்டையைக் காறுகிறார். தினமும் காறுகிற மனுஷன்தான், இன்றைக்குப் பார்த்து அது பன்றிச் சத்தமாகக் கேட்டுத் தொலைக்கிறது. விடியற்காலையில், இன்னும் இருட்டாக இருந்தபோது, ஒரு சத்தம் கேட்டதே, அதுவும் இவர்தானா? இல்லை, அது மண்ணைப் புரட்டுகிற சத்தம். இல்லை, அப்படி நினைத்துக்கொண்டு படுத்ததால் அப்படிக் கேட்டது. உண்மையில் கேட்டதா என்பதே இப்போது நிச்சயமில்லை.

அவர் இருந்தவரைக்கும் பன்றி அவர் பாடு. முப்பத்திரண்டு வருஷம் மேட்டுப்பாளையம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்த மனுஷனுக்குப் பன்றியும் ஒன்று, பயணியும் ஒன்று. ரிட்டயர் ஆன பிறகும் விசில் கழுத்தில் தொங்கும். சாயங்காலம் பனி இறங்குகிற நேரத்துக்குப் பின்படியில் போய் நின்றுகொண்டு தேயிலைக் காட்டைப் பார்த்துக் கத்துவார்: "ஏறாத, ஏறாத! பின்னாடி வண்டி காலியா வருது, அதுல ஏறு!" அக்கம்பக்கத்து வீடுகளில் இருந்து சிரிப்புச் சத்தம் கேட்கும். பன்றி வருகிறதோ இல்லையோ, இவருக்குக் கத்துவதற்கு ஒரு சாக்கு. இரண்டு குட்டியோடு ஒரு தாய்ப்பன்றி வந்தபோது, "சின்னதுக்கெல்லாம் அரை டிக்கெட், வயசைச் சொல்லு" என்று கேட்டார், தெய்வானை வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துவிட்டு உடனே, போதும் உள்ள வாங்க, மானம் போகுது என்று ஒரு அதட்டலும் போட்டாள், அதுதான் அவள் குணம். சிரிப்பை முழுசாகக் கொடுத்துவிட மாட்டாள். அவர் போன பிறகு விசிலை அவளும் ஊதிப் பார்த்தாள். முதல் வாரம் பன்றிகள் மரியாதைக்கு ஓடின, அப்புறம் தலையைக்கூடத் தூக்கவில்லை. காலி பாட்டில்களைக் கயிற்றில் கட்டிப் பார்த்தாள், காற்றடித்தால் அவள் தூக்கம்தான் கெட்டது. தலைமுடி போட்டால் பன்றி மூக்கில் ஏறித் தும்மி ஓடிவிடும் என்றார்கள், பஜாரில் சலூனுக்குப் போய் வெட்டிப்போட்ட முடி ஒரு பை வேண்டும் என்று கேட்டாள். எதுக்கும்மா என்றான் கடைக்காரன். பன்னிக்கு என்றாள். சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள். அந்த முடியைக் காற்று கிளப்பிப் பீன்ஸ் செடி முழுக்கப் போட்டது, ஊரான் வீட்டு நரையும் சாயமும் கலந்து பீன்ஸ் உரிக்கிற பாத்திரத்தில் வந்தது, ஒரு வாரம் அவளால் பீன்ஸ் சாப்பிட முடியவில்லை. அப்புறம்தான் சேலை. இந்தச் சரிவில் தோட்டம் வைத்திருக்கிற அத்தனை பேரும் பழைய சேலையைச் சுற்றிக் கட்டியிருக்கிறார்கள், ரோட்டிலிருந்து பார்க்கிறவனுக்கு ஊரே ஒரே நாளில் துவைத்துப் போட்ட மாதிரி இருக்கும். அவளும் ஒன்பது சேலை கட்டினாள். பன்றி சேலைக்கு அடியில் தலையைக் கொடுத்து, திரையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகிற கல்யாண வீட்டு ஆளைப்போலப் போய், முதல் பாத்தியை மூக்காலேயே உழுதுவிட்டுப் போனது.

சகாயராணிதான் சொன்னாள். எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவள், அவளுக்குத் தெரியாத மிருகம் கிடையாது. "துவைச்ச சேலைக்குப் பன்னி எதுக்குக்கா பயப்படும்? அதுக்குக் கலரா தெரியும்? வாடை வேணும். எங்க வீட்டுக்காரர் மூட்டை தூக்கிட்டு வந்து கழட்டிப் போடுற சட்டையை அப்படியே தொங்க விட்டுருவேன். மனுசனே நாலடி தள்ளி நிப்பான், பன்னி வருமா?" அது சரி, தெய்வானை வீட்டில் மூட்டை தூக்குகிறவன் யார்? அவள் தன்னுடைய சேலையையே இரண்டு நாள் மாற்றாமல் கட்டி, அதிலேயே களை எடுத்து, வியர்க்க வியர்க்கப் படி ஏறி இறங்கி, கழற்றிக் கொண்டுபோய்க் கட்டினாள். மறுநாள் காலையில் பார்த்தால் சரியாக அந்தச் சேலைக்கு அடியில்தான் தோண்டியிருந்தது. வேறு இடமே இல்லாத மாதிரி. அன்றைக்கு வந்த அவமானம் சாதாரண அவமானம் இல்லை. அறுபது வருஷம் உடம்போடு இருந்தவள், ஒரு பிள்ளை பெற்றவள், அவளிடம் மனுச வாடைகூட இல்லையா? குளித்துக் குளித்து, எங்கே தன்மேல் நாறுகிறதோ, தனக்குத் தெரியாமல் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி முகம் சுளிக்கிறாளோ என்று பயந்து பயந்து, ஒரு நாளைக்கு இரண்டு வேளை குளித்து, பவுடர் போட்டுப் போட்டு, ஆளே இல்லாத மாதிரி ஆகிவிட்டாளா? அன்று மத்தியானம் முழுக்க இதையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் பீரோவில் இருக்கிற ஸ்வெட்டர் நினைவுக்கு வந்தது. நினைவுக்கு வந்தது என்பது பொய், அது எப்போது மறந்தது வருவதற்கு. பிளாஸ்டிக் கவரில் போட்டு, வாயை நூலால் கட்டி, கீழ்த்தட்டில். வாசம் போய்விடக்கூடாது என்று அதைச் சும்மா எடுத்துப் பார்ப்பதுகூட இல்லை. கட்டிலில் வைத்துக்கொண்டு படுத்ததில்லை, ஒரு நாள்கூடப் போட்டுக்கொண்டதில்லை. போட்டால் அவள் வாசம் ஏறிவிடும், அவர் வாசம் அடியில் போய்விடும். அப்படிக் காப்பாற்றியதைக் கொண்டுபோய்ப் பனியிலும் காற்றிலும் குச்சியில் மாட்டுகிறவள் பைத்தியக்காரிதான். ஆனால் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமலே இன்னும் எத்தனை வருஷம் காப்பாற்றுவது? பிருந்தாவிடம் கேட்டிருக்கலாம். மோந்து பாருடி, அப்பா வாசம் இருக்கா என்று. எப்படிக் கேட்பது? கேட்டால், ஏம்மா இப்படி இருக்க, தனியா இருந்து இருந்துதான் இப்படி ஆகுது, காட்டெருமை வாசல்ல நிக்குது, பன்னி தோட்டத்தைத் தின்னுது, அங்க என்னதான் இருக்குன்னு உக்காந்திருக்க, கிளம்பி வா என்பாள். அங்கே என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. அதற்கு அவளிடம் பதில் இருந்தால் சொல்லியிருக்க மாட்டாளா.

டீயைக் குடித்தாள். சூடு தெரிந்தது, இனிப்பு தெரிந்தது, டீ தெரியவில்லை. பின்கதவின் தாழ்ப்பாளில் கையை வைத்தாள். எடுத்தாள். முன்கதவைத் திறந்து வாசலைக் கூட்டப் போனாள். வாசலில் ஒன்றுமில்லை, நாலு சில்வர் ஓக் இலை, அதை நாற்பது இலை மாதிரி கூட்டினாள். கூட்டும்போதே மனசு அங்கே போய்விட்டது, போக விடக்கூடாது என்று அவள் வைத்திருந்த இடத்துக்கு. வேண்டாம், காலையிலேயே வேண்டாம். உருளைக்கிழங்கு எத்தனை கிலோ வரும்? பாத்திக்கு ஏழெட்டு கிலோ என்றால். ஆம்புலன்ஸ் இந்த வாசலில்தான் நின்றது. இதே இடம். நீலப் பிளாஸ்டிக் உடுப்பில் இரண்டு பேர், முகம் தெரியாது, குரல் மட்டும். நடந்து வருவாரா, தூக்கணுமா என்று கேட்டார்கள். நடந்தே வருவேன் என்றார், டிக்கெட் கொடுக்கிற குரலில். காய்ச்சலில் உடம்பு உதறிக்கொண்டிருந்தது. இவள்தான் அவசரம் அவசரமாக ஸ்வெட்டரைக் கழற்றி, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையை மாட்டிவிட்டாள். படி வரைக்கும் போனவர் திரும்பினார். "தெய்வான, அந்த ஸ்வெட்டரை எடு, குளுருது" என்றார். இவள் சொன்னாள்: "அது நாறுதுங்க. நாலு பேர் பாக்கற எடம். போர்வையை எடுத்துக்குங்க." நாறுகிறது என்பது அவர்களுக்குள் பழைய சண்டை. குளிர்காலம் முடியட்டும் துவைச்சிக்கலாம் என்பார் அவர், இந்த ஊரில் குளிர்காலம் எப்போது முடிந்தது என்பாள் இவள். தினமும் நடக்கிற சண்டைதான். ஆனால் அன்றைக்கு அவர் சண்டை போடவில்லை. எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிற மனுஷன், கண்டக்டரோடு பேசி ஜெயித்தவர் யாரும் இல்லை என்று ஊரே சொல்கிற மனுஷன், சரி என்று போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு போய் ஏறிவிட்டார். மூன்றாம் நாள் போன் வந்தது. முகத்தைக்கூடக் காட்டவில்லை, எங்கேயோ யாரோ எரித்தார்கள். அது போகட்டும், அது அவளுக்கு மட்டும் நடந்ததில்லை. ஆனால் இது? இதை யாரிடம் சொல்வது? அன்றைக்கு அவளுக்கு மூக்கு போய் இரண்டு நாள் ஆகியிருந்தது. சாம்பார் கொதிப்பது தெரியவில்லை, சாம்பிராணி தெரியவில்லை. பிறகு ஸ்வெட்டர் நாறுவது எப்படித் தெரிந்தது? தெரியவில்லை. அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. பழக்கத்தில் சொன்னாள். வாயில் வந்ததைச் சொன்னாள். மோந்துகூடப் பார்க்காமல் நாறுகிறது என்று சொல்லி, உதறுகிற உடம்பை வெறும் சட்டையோடு அனுப்பினாள். துடைப்பத்தைச் சுவரோரம் சாய்த்தாள், அது விழுந்தது, திரும்பவும் சாய்த்தாள், திரும்பவும் விழுந்தது, கிடக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

பன்றி வந்திருந்தால் நல்லதுதான் என்று நினைத்துப் பார்த்தாள், சமையலறைக்குத் திரும்பி வந்து. வந்திருந்தால் வாசம் இல்லை, ஆள் இல்லை, ஸ்வெட்டர் வெறும் கம்பளி, துவைத்து யாருக்காவது கொடுத்துவிடலாம், பெட்டியைக் கட்டிக்கொண்டு கோயம்புத்தூர் போய்ப் பெண் வீட்டில் டிவி பார்க்கலாம். வராமல் இருந்தால்? இருந்தால் இன்றைக்கும் மாட்ட வேண்டும், நாளைக்கும் மாட்ட வேண்டும், கிழங்கு தோண்ட இன்னும் இருபது நாள், இருபது நாள் பனி குடித்தால் அதில் என்ன மிஞ்சும்? கிழங்கு போனால் போகிறது, ஒரே ஒரு நாள் போதும், இருக்கிறது என்று தெரிந்தால் போதும், உடனே எடுத்துக் கவரில் கட்டி வைத்துவிடலாம். பன்றி ஒரு நாள் வராததை வைத்து எப்படிச் சொல்வது? அதற்கு வேறு வேலை இருந்திருக்கும். வேறு வீட்டுக் கிழங்கு நன்றாக இருந்திருக்கும். இப்படியே நின்றால் மத்தியானம்வரை நிற்கலாம். தன்மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது. ஒரு கதவு, ஒரு தாழ்ப்பாள், அறுபது வயசு. இழுத்தாள். வழக்கம்போல் அது பாதியில் மாட்டியது, முழங்கையால் ஒரு இடி இடித்தாள், திறந்துகொண்டது.

பனி பந்தல்வரை விலகியிருந்தது. முதல் பாத்தி, சரி. இரண்டாவது, சரி. அவள் செருப்பு போடவில்லை, ஈர மண் சில்லென்று உள்ளங்காலில் ஏறியது. மூன்றாவது, நாலாவது. உருளைக்கிழங்கு இலையெல்லாம் பனித்துளியோடு நேற்று விட்ட மாதிரியே நின்றன. கேரட் சரி. பீட்ரூட் சரி. ஸ்வெட்டர் குச்சியில் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது. அதையும் தாண்டிப் போய்க் குனிந்து பார்த்தாள், அப்போதுதான் அது கண்ணில் பட்டது. தேயிலைச் செடிகளுக்கு நடுவில் இருந்து குளம்புத் தடம், புதுசு, மண் இன்னும் மினுமினுப்பாக, இரண்டு பெரியது, நிறையச் சின்னது, நேராக ஸ்வெட்டரைப் பார்த்து வந்திருந்தன. ஒரு முழம் இருக்கும்போது நின்றிருந்தன. நின்ற இடத்தில் மண் மிதிபட்டுக் குழம்பியிருந்தது. அப்புறம் எல்லாம் திரும்பிப் போயிருந்தன. ஓடியிருக்க வேண்டும், தடம் ஆழமாக இருந்தது. தெய்வானை குச்சியைப் பிடித்துக்கொண்டாள். வந்திருக்கிறது. வந்து, பார்த்து, மோந்து, ஓடியிருக்கிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்? இருக்கிறார். மூன்றரை வருஷம் கழித்தும், ஒரு கூட்டத்தையே ஏற விடாமல் நிறுத்தியிருக்கிறார். அவளுக்குச் சிரிப்பு வந்தது, முந்தானை இல்லை, தடுப்பு இல்லை, வாய் விட்டே வந்தது. "அரை டிக்கெட் கேட்டீங்களா?" என்று ஸ்வெட்டரிடம் கேட்டாள். பனியில் நனைந்த கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். சந்தோஷம் என்றால் சந்தோஷம், கல்யாணத்தன்றுகூட அவள் இப்படிச் சந்தோஷப்படவில்லை.

"என்னக்கா, பீரோவைத் தூக்கிட்டு வந்து தோட்டத்துலயே வெச்சிட்டீங்களா?"

கீழே ஒற்றையடிப் பாதையில் சகாயராணி நின்றிருந்தாள், முதுகில் கொழுந்துப் பை, இடுப்பில் சுற்றிய தார்ப்பாய், வேலைக்குக் கிளம்பிவிட்டாள்.

"என்ன சொல்ற ராணி?"

"பாச்சா உருண்டைக்கா. நேத்து சாயங்காலத்துல இருந்து எங்க அடுப்படி வரைக்கும் அடிக்குது. எங்க வீட்டுக்காரர் யாரு இங்க துணிக்கடை போட்டிருக்காங்கன்னு கேக்கறாரு. நல்ல யோசனைதான் போங்க, இந்த நெடிக்குப் பன்னி எங்க வரும்? மனுசனே வர மாட்டான்." சொல்லிவிட்டுச் சிரித்தாள், தன் சிரிப்புக்கு அக்காவும் சிரிப்பாள் என்று பார்த்தாள்.

பாச்சா உருண்டை. வெள்ளையாக, கோலிக்குண்டு மாதிரி. கம்பளித் துணியைப் பூச்சி அரித்துவிடும் என்று ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அவளேதான் போட்டாள், தைக்கும் ஆடிக்கும், ஒவ்வொரு தடவையும் நாலு நாலு, கழுத்துப் பக்கம் ஒன்று, இரண்டு கைக்குள்ளும் ஒவ்வொன்று, மார்பில் ஒன்று. கரைந்து சின்னதாகிப் போனதை எடுத்துப் போட்டுவிட்டுப் புதுசு வைத்தாள். கவரின் வாயை இறுக்கிக் கட்டினாள், ஒரு துளிகூட வெளியே போகக்கூடாது என்று. எவ்வளவு பத்திரம்! அவள் கைக்கு அது வெறும் வெள்ளைக் கல். அதற்கு ஒரு வாசம் உண்டு என்பதே, பீரோவைத் திறந்தால் முகத்தில் அடிக்கிற வாசம் உண்டு என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. மூக்கு இல்லாதவள் வாசத்தைக் காவல் காத்திருக்கிறாள். போன வாரம்கூடப் போட்டாளே. ஏழு தடவையா, எட்டு தடவையா?

"அக்கா? என்னக்கா, ஏன் ஒரு மாதிரி ஆயிட்டீங்க?" சகாயராணி பையைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டு மேலே ஏறி வந்தாள்.

தெய்வானை குச்சியிலிருந்து ஸ்வெட்டரை எடுத்தாள். "இதைக் கொஞ்சம் மோந்து பாரு" என்றாள்.

"அக்கா?"

"நல்லா பாரு. கழுத்துல பாரு, அக்குள்ல பாரு. உருண்டை வாசத்தை விடு, அதுக்குக் கீழ. அதுக்குக் கீழ வேற ஏதாச்சும் இருக்கா? பீடி வாசம், வேர்வை, எண்ணெய், எதாச்சும். எனக்குத் தெரியாது ராணி. உனக்குத் தெரியும், நீ பாரு."

சகாயராணி ஸ்வெட்டரைப் பார்த்தாள். முழங்கை ஒட்டைப் பார்த்தாள், யாருடையது என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அப்புறம் அவள் சிரிக்கவில்லை. இரண்டு கையாலும் வாங்கி, கழுத்துப் பட்டியில் முகத்தைப் புதைத்து இழுத்தாள். நெடி ஏறி இருமினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்குள் பக்கத்தை மடித்து மறுபடி இழுத்தாள். உள்பக்கத்தைத் திருப்பி, தையலோரம் தையலோரமாக, வேலைக்கு நேரமாவதைப் பற்றி யோசிக்காமல், மோந்தாள். தெய்வானை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆறு மாதம் கிராம்பை மோந்தபோதுகூட அவள் இப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதில்லை.

"பொய் சொல்லட்டுமாக்கா?" என்றாள் சகாயராணி கடைசியில்.

"வேண்டாம்."

"ஒண்ணும் இல்லக்கா. உருண்டைதான்."

தெய்வானை தலையை ஆட்டினாள். சரி என்று சொன்னாளோ, சொல்ல நினைத்தாளோ. கையை நீட்டி ஸ்வெட்டரைத் திரும்ப வாங்கினாள். வாங்கி என்ன செய்வது என்று தெரியவில்லை. கவரில் கட்ட வேண்டாம். குச்சியில் மாட்டலாம், உருண்டையாவது கிழங்கைக் காப்பாற்றும். காற்று வந்தது, நைட்டிக்குள் உடம்பு நடுங்கியது, வெறும் காலோடு இவ்வளவு நேரமாக நிற்கிறாள். இனி அதில் எந்த வாசம் ஏறினால் என்ன? தலைவழியாக மாட்டிக்கொண்டாள். கை நீளம், விரல் நுனிவரை மூடியது. தொடைவரை இறங்கியது. வெளியே நூல் நுனியில் பனி ஈரம் இருந்தது, உள்ளே சுத்தமாக ஈரம் இல்லை, தடித்த கம்பளி, ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, முதுகில், தோளில், நெஞ்சில் சூடு பிடித்துக்கொண்டது. நடுக்கம் நின்றுவிட்டது. போர்வை எத்தனை போர்த்தினாலும் வராத சூடு. இதைத்தான் அன்றைக்கு அவர் கேட்டார். தெய்வானை இரண்டு கையையும் கட்டிக்கொண்டு அப்படியே பாத்தி ஓரத்தில் உட்கார்ந்தாள், "குளுருதுன்னாரு ராணி, நான் குடுக்கல" என்றாள். மூன்றரை வருஷமாக யாரிடமும் சொல்லாததைச் சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். சகாயராணி அவள் பக்கத்தில் ஈர மண்ணிலேயே உட்கார்ந்தாள். கீழே ரோட்டில் கொழுந்து வண்டி ஹாரன் அடித்துவிட்டுப் போனது, அவள் எழுந்து போகவில்லை.